சென்னையில் இருந்துகொண்டே ‘நான் யார்’ என்று தேடுவது எப்படி?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது மன அமைதி, நல்ல தூக்கம், ஆபீஸ் டென்ஷன் குறைவது என்றால் இது உங்களுக்கானது இல்லை. அதற்குக் காலையில் பெசன்ட் நகர் பீச்சில் நடங்கள், போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். இது வேறு ஒரு அரிப்பு உள்ளவர்களுக்கு. வேலை, வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கிண்டி சிக்னலில் நிற்கும்போது ‘இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஆள் யார்?’ என்று சும்மா தோன்றி, பச்சை விழுந்ததும் மறந்துபோய், இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கேள்வி வந்து நிற்குமே, அந்த அரிப்பு.

வேலையை விட வேண்டாம். காவி வேண்டாம், இமயமலையும் வேண்டாம். ஒரு நோட்டு, கொஞ்சம் பிடிவாதம், வாரத்தில் அரை நாள் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடவுள் உண்டா, செத்த பிறகு என்ன, பிரபஞ்சம் எதற்காக இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே பெரிய கேள்வியில் கை வைப்பார்கள். தப்பான கேள்விகள் இல்லை, ஆனால் உட்கார்ந்த இடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்க வழியில்லாதவை. சோதிக்க முடியாத கேள்வியோடு கிளம்பினால் கடைசியில் யார் நன்றாகப் பேசுகிறாரோ, யார் குரல் கணீரென்று இருக்கிறதோ, அவர் பின்னால் போய்விடுவோம்.

பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஹாரன் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்கிற ஒன்று எங்கே இருக்கிறது, தேடினால் அகப்படுகிறதா? கோபம் வந்தது எனக்கு எப்போது தெரிந்தது, வரும்போதா, வந்து கத்தி முடித்த பிறகா? ராத்திரி கனவே இல்லாமல் தூங்கினேனே, அப்போது நான் இருந்தேனா? இவற்றுக்கு எவரையும் நம்ப வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இந்தச் சின்னக் கேள்விகளை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பெரிய கேள்விகள் தானாக வந்து மோதும், அப்போது அவற்றைச் சந்திக்கும் விதமும் மாறியிருக்கும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு

இதுதான் இந்த மொத்த விஷயத்திலும் முக்கியம், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் என்ன நடந்தது என்பது மட்டும். வலது பக்கம் அதற்கு நீங்களோ மற்றவர்களோ கொடுக்கிற விளக்கம்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள், கொஞ்ச நேரத்தில் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, நெற்றிப் பக்கம் வெளிச்சம் மாதிரி ஒன்று வந்து போனது என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் இதை அப்படியே எழுதுங்கள், ஒரு சொல் கூட்ட வேண்டாம். வலது பக்கம்தான் கூட்டம் முண்டியடிக்கும். யோகா கற்றுத்தரும் அக்கா ‘குண்டலினி எழும்ப ஆரம்பிச்சிடுச்சு’ என்பார். டாக்டருக்குப் படித்த மச்சான் ‘அசையாம உட்கார்ந்தா கை மரத்துப்போகத்தான் செய்யும்’ என்பான். பெரியம்மா ‘முருகன் காட்சி கொடுத்திருக்கான், திருப்போரூர் போயிட்டு வா’ என்பார். மூன்றையும் எழுதிவையுங்கள், எதையும் அடிக்க வேண்டாம். எழுதிய பிறகு இடது பக்கத்தைத் திரும்பப் படித்தால் அங்கே குண்டலினியும் இல்லை, நரம்பும் இல்லை, முருகனும் இல்லை, கை தெரியாமல் போனது மட்டும்தான் இருக்கிறது. ஆன்மிகத்தில் நடக்கும் ஏமாற்றுகளிலும் சண்டைகளிலும் பெரும்பகுதி, வலது பக்கத்தில் எழுத வேண்டியதை இடது பக்கத்தில் எழுதுவதால் வருவதுதான்.

பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கும் இந்தக் கோடு உண்டு. ‘எல்லாம் வெறும் மூளை ரசாயனம்’ என்பதும் வலது பக்கத்துச் சரக்குதான். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு ரசாயனம் எதுவும் தெரியவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க

இடம், நேரம் பற்றிச் சுருக்கமாக: மொட்டை மாடி என்று எல்லோரும் சொல்வார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் கொசு உங்களைத் தியானிக்க ஆரம்பித்துவிடும். விடியற்காலை பரவாயில்லை. ஒரே ரூமில் நாலு பேர் இருக்கும் வீடு என்றால் நிறுத்தி வைத்த கார், காலியாக இருக்கும் முதல் மின்சார ரயில், எதுவும் சரி. தினமும் இருபது நிமிஷம், ஒரே நேரத்தில். முதுகு நேராக, நாற்காலியிலேயே உட்காரலாம். சம்மணம் போட்டால்தான் ஞானம் வரும் என்று எங்கும் இல்லை.

முதல் சோதனை சத்தம். கண்ணை மூடி, வருகிற சத்தங்களைக் கேளுங்கள்: காய்கறி வண்டியின் மைக், பக்கத்து வீட்டு மிக்ஸி, காக்கா. ஒவ்வொன்றுக்கும் மனசு உடனே பெயர் வைப்பதைக் கவனியுங்கள். சத்தம் முதலில் வருகிறதா, பெயர் முதலில் வருகிறதா? அப்புறம், சத்தம் ‘வெளியே’ இருக்கிறது, நான் ‘உள்ளே’ இருக்கிறேன் என்ற எல்லை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைத்தால் இடது பக்கம் எழுதுங்கள், கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

இரண்டாவது விரல். மேஜை மேல் கையை வைத்து, தோன்றும்போது ஆள்காட்டி விரலை உயர்த்துங்கள். ‘இப்போது’ என்று முடிவெடுத்தது யார், அந்த முடிவு எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் இதைக் கருவிகளோடு அளந்தார். விரல் அசைவதற்குச் சுமார் அரை நொடி முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது, ஆனால் ‘அசைக்கப் போகிறேன்’ என்ற எண்ணம் தெரிவது அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்புதான். ஆகவே சுதந்திரச் சித்தம், அதாவது நம் செயலை நாமே தீர்மானிக்கிறோம் என்பது, இல்லை என்றார்கள் பலர். லிபெட்டே அவ்வளவு தூரம் போகவில்லை, கடைசி நேரத்தில் வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் நமக்கு உண்டு என்றார். அந்த ஆயத்தம் என்பதே மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்ற வாதமும் பிற்பாடு வந்தது. கோடு நினைவிருக்கிறதல்லவா, அளந்த நொடிகள் இடது பக்கம், சுதந்திரச் சித்தம் வலது பக்கம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றை வாங்கி, பஞ்சோ துணியோ திணித்துக் கை போல ஆக்குங்கள். உங்கள் உண்மையான கையை மேஜையில் ஒரு அட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்து, கையுறையைக் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால், உங்கள் கை இருக்க வேண்டிய திசையில் வையுங்கள். துணைக்கு இருப்பவர் இரண்டு சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால் மறைந்திருக்கும் கையையும் கையுறையையும் ஒரே நேரத்தில், ஒரே விரலில், ஒரே திசையில் வருட வேண்டும். நீங்கள் கையுறையையே பார்த்துக்கொண்டிருங்கள். எல்லோருக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேருக்குச் சில நிமிஷங்களில் அந்த ரப்பர் தன் கை என்றே ஆகிவிடும், வருடல் அங்கே உணரப்படும். அந்த நேரம் பார்த்துத் துணைவர் கையுறை மேல் ஓங்கிக் குத்துவது போல வந்தால் தூக்கிவாரிப்போடும். மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் என்ற இருவர் 1998-இல் உலகுக்குச் சொன்ன சோதனை இது.

இதை ஏன் செய்யச் சொல்கிறேன் என்றால், 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த, சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தில் மொத்தமே 12 சூத்திரங்கள், அதில் மூன்றாவது உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. அதில் ஒன்று, ‘எனது உடல்’ என்று நாம் சொல்கிறோமே, அப்படியானால் சொல்கிறவன் அந்த உடலுக்கு வேறாக இருக்க வேண்டும் என்பது. இப்போது ரப்பர் கையுறையைப் பாருங்கள். கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போனால் மூளை எதற்கு வேண்டுமானாலும் ‘எனது’ என்று பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறது. மெய்கண்டார் தோற்றுவிட்டாரா? அவசரப்படாதீர்கள். ‘ஏமாந்த அந்த ஒருவனைத்தானப்பா உயிர் என்கிறேன்’ என்று சித்தாந்தம் படித்தவர் திருப்பிக் கேட்பார். எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று தள்ளிக்கொண்டே போனாலும் தள்ளுகிற ஒன்று மிஞ்சுகிறதே என்பதும் அதே சூத்திரத்தில் இருக்கும் இன்னொரு காரணம். இப்படி மாறி மாறி வாதம் செய்து பார்ப்பதில் இருக்கும் ருசி தெரிந்துவிட்டால் சீரியல் பார்க்கத் தோன்றாது.

நான்காவது தூக்கம். விழிப்பு வந்ததும் அசையாமல், போனை எடுக்காமல், என்ன வரிசையில் உலகம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். சத்தம், உடம்பின் கனம், இது எந்த அறை, என் பெயர், இன்றைக்குக் கட்ட வேண்டிய ஈஎம்ஐ. பெயர் வருவதற்கு முன்பு ஒரு கணம் இருக்கும், அதைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிடதம் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் மூன்றையும் வைத்து நான்காவதான துரியத்தைப் பேசுகிறது. சைவர்கள் அதற்கு மேல் துரியாதீதம் என்று ஐந்தாவதையும் சொல்வார்கள். ‘ஒன்றும் தெரியாமல் நன்றாகத் தூங்கினேன்’ என்று எழுந்ததும் சொல்கிறோமே, ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அங்கே யாரோ இருந்திருக்க வேண்டும் என்பது வேதாந்திகளின் வாதம். இல்லை, உடம்பு தெளிவாக இருப்பதை வைத்து எழுந்த பிறகு ஊகிக்கிறோம் என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவதுதான் இன்னும் பலமாகப் படுகிறது, முதலாவதை விட்டுவிடவும் மனசு வரவில்லை.

ரமணர் சொன்ன விசாரணை

ரமணர் திருச்சுழியில் 1879-இல் பிறந்தவர், 1896-இல் மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் திடீரென்று மரண பயம் வந்து, ஓடாமல் படுத்துக்கொண்டு ‘சாவது எது?’ என்று பார்த்தவர். சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போனார், 1950-இல் மறையும் வரை அந்த ஊரை விட்டு வரவில்லை. ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம், 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் இருந்த அவர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து உருவானது. அரை மணியில் படித்துவிடலாம், வாங்கப் பெரிய செலவும் இல்லை.

முறை இவ்வளவுதான்: எண்ணம் எழும்போது அதைப் பின்தொடராமல் ‘இது யாருக்கு?’ என்று கேட்கிறீர்கள். ‘எனக்கு’ என்று வருகிறது. ‘அந்த நான் யார்?’ என்று, பதிலை எதிர்பார்க்காமல், அந்த ‘நான்’ என்ற உணர்வு எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே கவனத்தை வைக்கிறீர்கள். நழுவும். நழுவியது தெரிந்ததும் மறுபடி. பிணம் சுடும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதைப் போல அந்தக் கேள்வியும் எரிந்துபோகும் என்கிறார் அவர்.

பலர் தவறுவது இரண்டு இடங்களில். ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் போல உருட்டுவார்கள், இது ஜபம் இல்லை. அல்லது ‘நான் உடல் அல்ல, மனம் அல்ல, பிரம்மம்’ என்று புத்தகத்தில் படித்த பதிலைச் சொல்லிக்கொள்வார்கள், அப்படிச் சொன்ன உடனே தேடல் நின்றுவிடும். கொஞ்ச நாள் செய்துவிட்டு வீட்டில் ‘எல்லாம் மாயைம்மா’ என்று சொல்லி, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிற ஒரு ரகமும் உண்டு. தட்டைக் கழுவுங்கள் முதலில்.

பறக்கும் ரயிலில் ஒரு சுற்று

சென்னையில் இருப்பதன் உண்மையான லாபம் இதுதான்: வலது பக்கத்து விளக்கங்களில் பலவற்றை, வேளச்சேரியிலிருந்து பீச் போகும் பறக்கும் ரயிலில் ஏறி இறங்கியே நேரில் பார்த்துவிடலாம். ஒரே நாளில் முடிக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு ஒரு ஸ்டேஷன்.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சைவ சித்தாந்தம், பௌத்தம், நரம்பியல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏசியில் ஓசியாகப் படிக்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஐஐடி, அங்கே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மனித மூளையைச் செல் அளவில் படமெடுத்து வரைபடம் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பசுமைவழிச்சாலையில் இறங்கினால் வசந்த விஹார். ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னைக்கு வரும்போதெல்லாம் தங்கிப் பேசிய இடம், அவருடைய கடைசிப் பேச்சும் 1986 ஜனவரியில் இங்கேதான். இவர் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1909-இல் அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து ‘வரப்போகும் உலக குரு இவன்தான்’ என்று பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) முக்கியஸ்தர் லெட்பீட்டர் சொல்ல, சபைக்காரர்கள் அந்தப் பையனைச் சுற்றி ஒரு பெரிய அமைப்பையே கட்டினார்கள். இருபது வருஷம் கழித்து 1929-இல் கிருஷ்ணமூர்த்தி ஹாலந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எழுந்து நின்று, உண்மைக்குப் பாதை எதுவும் கிடையாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்று சொல்லி அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார். கையில் வைத்துக் கொடுத்த பீடத்தை வேண்டாம் என்று சொன்ன ஆள் என்பதால், அவர் பேச்சு வறட்சியாக இருந்தாலும் எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை. நூலகம் இருக்கிறது, எதற்கும் நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆற்றைத் தாண்டினால் அந்தப் பிரம்மஞான சபையே இருக்கிறது. நியூயார்க்கில் 1875-இல் தொடங்கி 1882-இல் அடையாறுக்கு வந்தது. ஆலமரத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், நடு மரம் 1989-இல் விழுந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரம். உள்ளேயே இந்துக் கோயில், புத்தர் கோயில், மசூதி, சர்ச் எல்லாம் சின்னச் சின்னதாக உண்டு. 1886-இல் தொடங்கிய அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகள் ஏராளம்.

திருமயிலையில் ராமகிருஷ்ண மடம், 1897-இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வந்து தொடங்கியது. அங்கே கோயில் மண்டபத்தில் யாரும் உங்களை எதுவும் கேட்காமல் அரை மணி உட்கார விடுவார்கள், இந்த ஊரில் அது பெரிய விஷயம். புத்தகக் கடையில் உபநிடதங்கள் தமிழ் உரையோடு மலிவாகக் கிடைக்கும். அதே 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய ஐஸ் ஹவுஸ், அதாவது விவேகானந்தர் இல்லம், திருவல்லிக்கேணி ஸ்டேஷன் பக்கம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். தத்துவத்துக்கு ஒரு துறையும் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறையும் உண்டு, பொதுச் சொற்பொழிவு நடந்தால் தவறவிடாதீர்கள். இதுபோன்ற கூட்டத்தில்தான் எதிர்க்கேள்வி கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி வடக்கே போனால் எனக்கு மிகவும் பிடித்த வட்டாரம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் சிறுவயதிலிருந்து வளர்ந்த வீடு. மாடி அறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தியானித்து, அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டார் என்பார்கள். 1858-இல் அவர் சென்னையை விட்டுப் போனார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அங்கே படித்த வி.எஸ். ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவில், கை வெட்டப்பட்ட பின்னும் இல்லாத கையில் வலி இருப்பவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டியில் நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டிச் சிலருக்கு வலியைக் குறைத்தவர். ஒரே வட்டாரம், இரண்டு கண்ணாடி. பார்ப்பது எப்படிப் பார்க்கிறவனை மாற்றுகிறது என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு விதத்தில் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியே மேலே போனால் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா, திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி. ரயில் பாதைக்கு விலகி எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம். ஆன்மா என்று ஒன்றைத் தேடுகிறாயே, அது இல்லாமலும் இருக்கலாமே என்று கேட்கும் ஓர் இடத்துக்காவது போக வேண்டும், அதற்காகப் பௌத்தர்களைத் தவறவிட வேண்டாம்.

‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்லாதீர்கள்

சுற்றி வந்த பிறகு இந்தச் சோம்பேறித்தனம் வரும். ஒன்று இல்லை. இருப்பது ஒரே பிரம்மம், நீ அதுவே என்கிறது அத்வைதம். உயிர்கள் பல, முக்தியிலும் உயிர் சிவத்தோடு பிரிக்க முடியாமல் நிற்குமே தவிர அதுவே சிவம் ஆகிவிடாது என்கிறது சித்தாந்தம். நிலையான ‘நான்’ என்பதே கிடையாது, நொடிக்கு நொடி மாறும் ஓட்டம்தான் என்கிறது பௌத்தம். மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. இதற்காக நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. சமாதானம் செய்து வைக்கும் வேலை உங்களுடையது இல்லை, எங்கே வேறுபடுகிறார்கள் என்று துல்லியமாகப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

விஞ்ஞானமும் இன்னும் முடிக்கவில்லை. பில்டர் காபி வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து மூளையில் எந்தெந்தப் பகுதி வேலை செய்கிறது என்பது வரை விளக்கிவிடலாம், ஆனால் இவ்வளவும் நடக்கும்போது உள்ளே ஏன் ஒரு ‘வாசனை’ உணரப்படுகிறது, ஏன் இருட்டில் ஓடும் இயந்திரம் போல ஒன்றும் உணரப்படாமல் நடக்கவில்லை என்பதைத்தான் 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் கடினமான சிக்கல் என்றார். பிரக்ஞைக்கான, அதாவது இந்த உணரும் நிலைக்கான, நரம்புச் செயல்பாடு இருபத்தைந்து வருஷத்தில் பிடிபட்டுவிடும் என்று மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998-இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். ஆகவே ‘சயின்ஸ் நிரூபிச்சிடுச்சு’ என்று இரண்டு பக்கமும் யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே நகருங்கள்.

குரு, காசு, அற்புதம்

அற்புதம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அடையாறில் 1884-இல் நடந்ததைப் படியுங்கள். பிரம்மஞான சபையில் மகாத்மாக்களின் கடிதங்கள் ஒரு அலமாரியில் தானாகத் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. அங்கே வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த எம்மா கூலோம் (Coulomb) என்ற பெண், அது சபையை நிறுவியவர்களில் ஒருவரான மேடம் பிளாவட்ஸ்கி செய்த தந்திரம் என்றார், பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று அவர் கொடுத்த கடிதங்கள் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் இதழில் வெளிவந்தன. லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் விசாரிக்க வந்தார், 1885 அறிக்கையில் அது மோசடி என்று எழுதினார். நூறு வருஷம் கழித்து 1986-இல் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். இவ்வளவு கிளறிய பிறகும் கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்பது பிரக்ஞை என்றால் என்ன என்பதற்கு ஒரு அங்குலமும் உதவவில்லை. அற்புதங்களோடு பிரச்சினையே இதுதான், பொய் என்றால் நேரம் வீண், நிஜம் என்றாலும் உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் யாராவது அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்ச ரூபாய் என்று 1963-இல் சவால் விட்டார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை.

குருவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நீச்சலைப் புத்தகத்தில் கற்க முடியாது. ஆனால் போகிற இடத்தில் சிலவற்றைக் கவனியுங்கள். எதிர்க்கேள்வி கேட்டால் ‘உனக்கு இன்னும் பக்குவம் வரல’ என்று வாயை அடைக்கிறார்களா? அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஏறுகிறதா? வீட்டாரிடம் சொல்லாதே என்கிறார்களா? தனியாக வரச் சொல்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பாதியில் கிளம்பியதற்கு விளக்கம் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

காசு விஷயத்தில் நேர்மையாக இருப்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்றால், திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையம், விபஸ்ஸனா என்ற பௌத்த வழித் தியானத்தைக் கற்றுத்தரும் இடம். பத்து நாள், கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் மட்டும் விரும்பினால் நன்கொடை தரலாம். காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதலில் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும், நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்ப்பது. கடுமையானது, நேராக அங்கே போகாதீர்கள், மேலே சொன்ன இருபது நிமிஷத்தைச் சில மாதம் செய்துவிட்டுப் போங்கள்.

நிறுத்த வேண்டிய நேரம்

இதை யாரும் சொல்வதில்லை. தியானம் எல்லோருக்கும் எப்போதும் நல்லது இல்லை. உலகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தோன்றிப் பயம் விலகாமல் இருந்தால், தூக்கமே தேவையில்லை என்று நாள் கணக்கில் தோன்றினால், குரல்கள் கேட்டால், தான் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று உறுதியாகத் தோன்றினால், அதை ஞானத்தின் அறிகுறி என்று யார் சொன்னாலும் கேட்காமல் பயிற்சியை நிறுத்துங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த சுவாமி சொன்னாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வீட்டில் சாவு விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தால் நீண்ட முகாம்களைத் தள்ளிப்போடுங்கள், அந்த நேரத்தில் உறவுக்காரர்களோடு உட்கார்ந்து அழுவதே போதும்.

திருவண்ணாமலைக்குப் போவதென்றால்

எப்படியும் போவீர்கள். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ், நாலைந்து மணி நேரம். பௌர்ணமியன்று போகாதீர்கள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான் தெரியும், விசாரணைக்கு அது நாள் இல்லை. வாரநாளில் போய், ரமணாசிரமத்தின் பின்பக்கப் பாதையில் மலையேறி, ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமத்தையும், அதற்கு முன்பு 1899-இலிருந்து இருந்த விரூபாட்ச குகையையும் பாருங்கள். குகைக்குள் இருட்டு, புழுக்கம், கண் பழக ஒரு நிமிஷம் ஆகும், பேசாமல் ஓர் ஓரமாக உட்காரலாம். வெயில் ஏறினால் பாறை சுடும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். வாழைப்பழம் மட்டும் கையில் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.